முதல் பார்வையை எழுதி வையுங்கள்: சமகாலக் கலைப்படைப்பை ஆராய்ந்து மறுபடி பார்க்கும் முறை

அரும்பொருளகத்தில் ஒரு படைப்பின் முன் நின்று "இதில் என்ன இருக்கிறது?" என்று நினைப்பதும், வீட்டுக்கு வந்து படித்த பிறகு "ஓ, இதுதானா" என்று ஆவதும் பலருக்கும் நடப்பதுதான். எந்த எண்ணம் மாறியது, எந்தத் தகவலால் மாறியது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. முதலில் என்ன நினைத்தோம் என்பதை எங்கும் எழுதி வைக்காததுதான் காரணம். படித்ததும் பழைய எண்ணம் அழிந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே புரிந்தது போன்ற மயக்கம்தான் மிஞ்சும்.

கீழே உள்ள முறை ஒரே ஒரு படைப்புக்கானது. இரண்டு முறை நேரில் பார்க்க வேண்டும், நடுவில் நூலகத்தில் அரை நாள் செலவிட வேண்டும். தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வழிகாட்டித் தொண்டூழியர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வரிசை முக்கியம். மூன்றாம் படிக்கு முன் ஆறாம் படியைச் செய்தால் எல்லாம் வீண்.

1. கையில் இருக்க வேண்டியவை

கோடு போடாத சிறு நோட்டு, பென்சில், கைப்பேசி. பேனா வேண்டாம், காட்சிக்கூடங்களில் பொதுவாகப் பென்சிலையே விரும்புவார்கள், மை தெறித்தால் துடைக்க முடியாது. கைப்பேசியில் ஃபிளாஷை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். பெரிய பையை லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு மெல்லிய ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்பவர்கள் பாதியில் வெளியேறுவதற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம், கலை அல்ல.

சிங்கப்பூரின் தேசியக் கலைக்கூடத்திலும் சிங்கப்பூர் கலை அரும்பொருளகத்திலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் இருக்கலாம். கலைக்கூடம் பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலுமாக 2015இல் திறக்கப்பட்டது. கலை அரும்பொருளகம் 2022 முதல் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் என்ற துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில் இயங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

2. எந்தப் படைப்பு?

பிடித்த படைப்பை விட்டுவிடுங்கள். எரிச்சலூட்டியதை, சலிப்பூட்டியதை, "இதையெல்லாமா கலை என்கிறார்கள்" என்று முணுமுணுக்க வைத்ததைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த படைப்பைப் பற்றிப் படித்தால் ஆராய்ச்சி அதைப் புகழ மட்டுமே உதவும். எரிச்சலில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம்.

இரண்டாவது நிபந்தனை, மீண்டும் போகும்போது அது அங்கே இருக்க வேண்டும். கலைக்கூடத்தின் நீண்டகாலக் காட்சிகளில் உள்ளவை ஓரளவு பாதுகாப்பானவை. தற்காலிகக் கண்காட்சி என்றால் முடியும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்கூடத்துக்குள் போகத் தயங்குபவர்கள் தெருவிலேயே பழகலாம். குமாரி நாகப்பன் 2009இல் ஐயான் ஆர்ச்சர்ட் வாசலில் வைத்த 'நட்மெக் அண்ட் மேஸ்' என்ற வெண்கலச் சிற்பம் பயிற்சிக்கு ஏற்றது. கடைத்தொகுதிக்கு அழகூட்ட வைத்த பெரிய பழம் என்றே பலரும் கடந்து போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சர்ட் பகுதியில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன, 1850களில் நோய் தாக்கி அவை அழிந்தன என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். பழம் அதேதான். அது நிற்கும் மண் வேறாகிவிடும்.

3. முதல் இருபது நிமிடம்: பலகையைப் பார்க்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் சுவரில் உள்ள பெயர்ப்பலகைக் குறிப்பைப் படித்துவிட்டு, அது சொன்னதைப் படைப்பில் தேடுகிறார்கள். கிடைத்ததும் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கியூரேட்டர் (கண்காட்சியை அமைப்பவர்) எழுதியதைச் சரிபார்த்தார்களே தவிர, படைப்பைப் பார்க்கவில்லை.

நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எழுத வேண்டாம். தூரத்திலிருந்து, ஒரு கை நீளம் விட்டு அருகிலிருந்து, பக்கவாட்டிலிருந்து, குனிந்து என்று நான்கு நிலைகளில் பாருங்கள். பொருள்களை இடத்தில் அமைத்துச் செய்யும் நிறுவல் கலைக்கு இது மிக முக்கியம். அது தரையை எப்படித் தொடுகிறது, எதில் தொங்குகிறது, மின்கம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் நேர்முன்னால் நின்றால் தெரியாது.

அடுத்த பத்து நிமிடம், நோட்டின் இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். பொருள், எண்ணிக்கை, அளவு, நிறம், ஒலி, வாசனை. அளவு நாடாவை வெளியே எடுத்தால் காவலர் ஓடி வருவார். "என் தோள் உயரம்", "நாலு தரைக்கல் அகலம்" என்று எழுதினால் போதும்.

கடைசி ஐந்து நிமிடம் வலப்பக்கத்துக்கு. நினைத்ததெல்லாம் அங்கே வரட்டும்: எரிச்சல், சந்தேகம், ஊகம். மூன்று ஊகங்களைக் கட்டாயம் எழுதுங்கள். எந்த ஆண்டில் செய்திருப்பார்கள்? எதனால் செய்திருப்பார்கள்? யாரைப் பார்த்துப் பேசுகிறது? தவறாகப் போனாலும் கவலையில்லை. தவறிப்போன ஊகம்தான் பிறகு அதிகம் சொல்லித் தரும்.

இரு பக்கங்களையும் கலக்கக் கூடாது. "துணியில் செம்பழுப்புக் கறை, கீழே அடர்த்தி அதிகம்" என்பது இடப்பக்கத்துக்கு. "அழுக்கு, பராமரிப்பு இல்லை" என்பது வலப்பக்கத்துக்கு. இடப்பக்கம் எழுதியது ஆராய்ச்சிக்குப் பிறகும் அப்படியே நிற்கும், வலப்பக்கம்தான் ஆட்டம் காணும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடந்தால் எது ஆடியது என்று பிரித்தெடுக்கவே முடியாது.

காணொளிப் படைப்பு என்றால் ஒரு கூடுதல் வேலை. உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதுங்கள். நாற்பது நிமிடக் காணொளியில் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு "மெதுவாக இருக்கிறது" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

4. பெயர்ப்பலகையை வரி வரியாகப் படித்தல்

இப்போது பலகைக்கு வரலாம். விளக்கப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ள நான்கைந்து குறுகிய வரிகளை மட்டும் நோட்டில் பெயர்த்தெழுதுங்கள். படம் எடுத்தால் போதாதா என்றால், போதாது. கையால் எழுதும்போதுதான் முரண்கள் கண்ணில் படும்.

ஆண்டு. ஒரே ஆண்டா, இரண்டு ஆண்டுகளா? "மறுஉருவாக்கம்" என்ற பொருளில் இன்னோர் ஆண்டு இருக்கிறதா? இந்தோனேசியக் கலைஞர் எஃப்.எக்ஸ். ஹர்சோனோவின் 'பாலிங் டாப் 75' 1975ஆம் ஆண்டுப் படைப்பு; தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. மரப்பெட்டிக்குள், கம்பி வலைக்குப் பின்னால், ஒரு பொம்மைத் துப்பாக்கி. பொருள்களின் பட்டியலில் எல்இடி குழல்விளக்கு என்றும் இருக்கும். 1975இல் அப்படி ஒரு விளக்கே கிடையாது. பலகை அதையும் சொல்லிவிடுகிறது: இது 2006இல் மறுபடி உருவாக்கப்பட்டது. பார்த்துக்கொண்டிருப்பது இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சிக் காலத்தில் மக்கள் பார்த்த அதே பெட்டி அல்ல என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும்: முதல் பெட்டி என்ன ஆனது?

பொருள்கள். ஒவ்வொன்றையும் உங்கள் இடப்பக்கக் குறிப்போடு ஒப்பிடுங்கள். பலகையில் இருந்து நீங்கள் கவனிக்காதது எது? நீங்கள் கவனித்து பலகையில் இல்லாதது எது? இரண்டாவது வகை சுவையானது. மோட்டார், ஒலிபெருக்கி, தூண்டில் நரம்பு போன்றவை சில நேரம் பட்டியலில் வராது.

தலைப்பு. ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் 1974இல் கோலாலம்பூரில் வைத்த கண்காட்சியில் ஒரு காலிப் பறவைக்கூண்டு இருந்தது. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவையை விடுவித்த பின் எஞ்சிய கூண்டு என்று அதன் தலைப்பே சொல்லும். தலைப்பை எடுத்துவிட்டால் தேக்காவில் வாங்கக்கூடிய ஒரு கூண்டு, அவ்வளவுதான். தலைப்போடு சேர்ந்தால் நடந்து முடிந்த ஒரு நிகழ்வின் மிச்சம். எனவே தலைப்பைப் பொருள்களில் ஒன்றாகவே எண்ணிப் பட்டியலில் சேருங்கள்.

உரிமை வரி. தொகுப்புக்குச் சொந்தமா, அன்பளிப்பா, இரவலா? இரவல் என்றால் திரும்பிப் போய்விடும், இரண்டாம் வருகையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண் (தொகுப்பில் அந்தப் படைப்புக்குக் கொடுத்த எண்) இருந்தால் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் தேட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

இத்தனையும் முடித்த பிறகு விளக்கப் பத்தியைப் படிக்கலாம். படித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் பத்தி எதற்குப் பதில் சொல்லவில்லை?"

5. முதலில் எங்கே, யார் முன்னால் வைக்கப்பட்டது?

ஆராய்ச்சியில் முதல் கேள்வி இதுதான். கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பிலிருந்து தொடங்குவது வழக்கம்; நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். பிறந்த ஊரும் வாங்கிய விருதும் முதல் எண்ணத்தை அசைப்பது அரிது. படைப்பு முதன்முதலில் நின்ற இடமும் நாளும் அடிக்கடி அசைக்கும்.

சியோ சாய் ஹியாங்கின் '5' x 5'' (சிங்கப்பூர் ஆறு) என்ற 1972ஆம் ஆண்டுப் படைப்பு, சுவரில் பாதியும் தரையில் பாதியுமாக வரைந்த ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரம், அவ்வளவுதான். "யாராலும் வரைய முடியும்" என்று வலப்பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். எழுதியது சரிதான், அதை அழிக்க வேண்டாம். அவர் அப்போது பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்தார். நவீன ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு ஓவியம் அனுப்பாமல் சதுரத்தை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பைத் தபாலில் அனுப்பினார். சங்கம் ஏற்கவில்லை. சிங்கப்பூர் ஆறோ அந்நாளில் இங்குள்ள ஓவியர்கள் சலிக்காமல் வரைந்து தள்ளிய காட்சி. இத்தனையும் தெரிந்த பிறகு "யாராலும் வரைய முடியும்" என்ற வரி புகாராக நிற்காது, அந்தப் படைப்பு இயங்கும் விதமே அதுதான் என்று ஆகிவிடும். வரி மாறவில்லை, அதன் வேலை மாறிவிட்டது. ஆராய்ச்சி முதல் எண்ணத்தை எப்போதும் கவிழ்க்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வகை மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

டாங் டா வூவின் 'கல்லி கர்ட்டன்ஸ்' (1979) இன்னொரு வகை. உயரத்திலிருந்து தொங்கும் கறை படிந்த துணிகள். காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவருக்கு முன் பார்த்தால் பழசாகிப்போன திரைச்சீலை என்றே தோன்றும். அவை முதலில் தொங்கியது அங் மோ கியோவில், மழை அரித்துப் பிளந்த மண்சரிவுகளின் நடுவே. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புகளுக்காக நிலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மழைநீரும் மண்ணும் துணியில் தடம் பதித்தன. அடுத்த ஆண்டு அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. "அழுக்கு" என்று எழுதிய இடத்தில் இப்போது "மழை வரைந்தது" என்று எழுத வேண்டியிருக்கும். இன்றைக்கு அங் மோ கியோவில் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் செம்மண் பள்ளமாகக் கிடந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

இடம் என்பதில் அனுமதியும் அடங்கும். பிரியகீதா தியா லசால் கலைக் கல்லூரி மாணவியாக இருந்தபோது, 2017இல், ஜாலான் ராஜாவில் உள்ள ஒரு வீவக புளோக்கின் படிக்கட்டில் பொன்னிறத் தாளை ஒட்டினார். படத்தை மட்டும் பார்த்தால் அழகான படிக்கட்டு. பொது இடத்தில் முன் அனுமதி இல்லாமல் செய்தது, நகர மன்றம் அதை அனுமதிக்கத்தக்கதல்ல என்றது, பிறகு அவரே அகற்றினார் என்பதைச் சேர்த்தால், பொதுவெளி யாருடையது என்ற விவாதமும் படைப்பின் ஒரு பகுதியாகிறது. அன்று செய்தித்தாளில் வந்த வாசகர் கருத்துகளைத் தேடிப் படியுங்கள். அழகைப் பற்றிப் பேசியவர்களும் விதியைப் பற்றிப் பேசியவர்களும் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை என்பது புரியும்.

6. ஆவணங்களைத் தேடும் வரிசை

முதலில் ரூட்ஸ் இணையத்தளம். தேசிய மரபுடைமைக் கழகம் நடத்தும் இதில் தேசியத் தொகுப்பில் உள்ள படைப்புகளின் விவரங்கள் இருக்கின்றன. வரிசை எண்ணையோ தலைப்பையோ போட்டு அளவையும் பொருள்களையும் சரிபாருங்கள். கலைக்கூடத்தின் சொந்தத் தேடல் பக்கத்தையும் பாருங்கள், சில நேரம் இரண்டிலும் விவரம் வேறுபடும். வேறுபட்டால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை நீங்களாகத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது, நியூஸ்பேப்பர்எஸ்ஜி. தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் களஞ்சியம். பல இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், பிற்கால இதழ்கள் சிலவற்றுக்கு நூலகக் கணினிக்குத்தான் போக வேண்டும். இங்கே தேடத் தெரியாமல் "எதுவும் இல்லை" என்று மூடிவிடுபவர்கள் அதிகம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

பெயரை எல்லா வடிவத்திலும் தேடுங்கள். சீனப் பெயர்களைச் சேர்த்தும் பிரித்தும், இணைப்புக்கோடு போட்டும் போடாமலும். ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ் என்ற குழுவின் பெயரை மேற்கோள் குறியோடும் இல்லாமலும் அச்சிட்டிருப்பார்கள். தமிழ்ப் பெயர் என்றால் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே பெரும்பாடு.

எழுத்துணரியை (அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) நம்பாதீர்கள். பழைய அச்சில் ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகிவிடும். பெயர் அகப்படாவிட்டால் கண்காட்சி நடந்த கட்டடத்தின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடுங்கள்.

தமிழ் முரசில் தேடும்போது சொல்லை மட்டும் நம்பாமல், கண்காட்சித் திறப்பு நாளைக் கண்டுபிடித்து அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குப் பக்கங்களைப் புரட்டுங்கள். கலைஞரின் பெயருக்கு அன்று எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினார்கள் என்று ஊகிப்பதைவிட இது வேகமானது.

மூன்றாவது, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். கண்காட்சி நூல்கள் இங்கே கிடைக்கும், இரவல் கிடையாது. படைப்பு முதலில் காட்டப்பட்டபோது வந்த நூலை முதலில் கேளுங்கள், பிறகு மறுகாட்சியின் நூலை. இரண்டுக்கும் நடுவே விளக்கம் மாறியிருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. தேசியக் கலைக்கூடத்திலும் பழைய உச்ச நீதிமன்றக் குவிமாடத்தின் கீழ் ஒரு நூலகமும் ஆவணக்காப்பகமும் உண்டு. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான்காவது, குரல்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் கலைஞர்களின் நேர்காணல்கள் உண்டு. நிகழ்த்துகலை (கலைஞர் தம் உடலாலும் செயலாலும் நிகழ்த்திக் காட்டுவது) என்றால் ஹாங்காங்கின் ஏஷியா ஆர்ட் ஆர்கைவ் அவசியம். 'யெல்லோ மேன்' ஆக உடலெங்கும் மஞ்சள் பூசி நடந்த லீ வென் சேர்த்துவைத்த ஆவணங்கள் போன்றவை அங்கே மின்வடிவில் இருக்கின்றன.

கலைஞரின் சொந்த இணையத்தளத்தை ஐந்தாவதாகத்தான் வைக்கிறேன். ஏன் என்பது அடுத்த படியில்.

7. கலைஞர் சொல்வதை எவ்வளவு நம்புவது?

கலைஞரின் கூற்று ஓர் ஆதாரம், தீர்ப்பு அல்ல. அது எப்போது சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். செய்த ஆண்டிலா, இருபது ஆண்டு கழித்து விருது வாங்கும்போதா?

சிலர் பலகையையே படைப்பின் கருவியாக்குகிறார்கள். ராபர்ட் ஸாவ் ரென்ஹூய் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் கிரிட்டிக்கல் ஸூவாலஜிஸ்ட்ஸ்' என்று ஒரு நிறுவனத்தின் பெயரில் இயங்குபவர். அறிவியல் அரும்பொருளகக் காட்சி போல உயிரினங்களின் படங்களை விவரக்குறிப்போடு அடுக்குவார். உண்மையும் புனைவும் அவற்றில் கலந்திருக்கும். முதல் பார்வையில் எல்லாவற்றையும் நம்பியவரும், "கலைஞர் ஆயிற்றே, எல்லாம் பொய்" என்று தள்ளியவரும் ஒரே அளவுக்குத் தவறுகிறார்கள். இப்படிப்பட்ட படைப்பில் பலகையின் ஒவ்வொரு கூற்றையும் வெளி ஆதாரத்தோடு தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

நாமாகக் கொண்டுபோகும் விளக்கத்திலும் அதே எச்சரிக்கை தேவை. எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் மூவரும் 1988இல் ஜெர்மானியப் பண்பாட்டு அமைப்பான கொய்தே நிலையத்தில் 'திரிமூர்த்தி' கண்காட்சியை வைத்தார்கள். ஓர் இந்தியர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர்; உடனே "இன நல்லிணக்கம்" என்று எழுதிவிடுவது இங்குள்ள பள்ளிப் பழக்கம். கலை வரலாற்றாசிரியர் டி.கே. சபாபதி இக்கண்காட்சி பற்றி எழுதியதைப் படியுங்கள்: ஆசியச் சிந்தனை மரபுகளிலிருந்து கலையை எப்படிச் செய்வது என்ற தேடல் தெரியவரும். சுவரொட்டி வாசகத்துக்குள் அது அடங்காது.

1994ஐ ஒட்டிய படைப்பு என்றால் ஒரு பின்னணியைக் கட்டாயம் பாருங்கள். அந்த ஆண்டு முதல் 2003 வரை நிகழ்த்துகலைக்கு அரசு நிதியாதரவு நிறுத்தப்பட்டிருந்தது. பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் இயங்கிய ஃபிஃப்த் பாசேஜ் கலைக்குழு தன் இடத்தை இழந்தது. அக்குழுவைச் சேர்ந்த சூசன் விக்டர் 1994இல் செய்த 'எக்ஸ்பென்ஸ் ஆஃப் ஸ்பிரிட் இன் எ வேஸ்ட் ஆஃப் ஷேம்' படைப்பில் மேலே அசையும் மின்விளக்குகளும் கீழே உடைந்த கண்ணாடியும் இருக்கும். மனிதர் யாரும் இல்லை. நிகழ்த்துபவர் இல்லாத மேடை என்று அதை வாசிக்க இந்தப் பின்னணி இடம் தருகிறது. ஆனால் இடம் தருகிறது என்பதோடு நிறுத்துங்கள், "இதுதான் பொருள்" என்று பூட்டிவிடாதீர்கள்.

8. நான்கு பத்திகளில் எழுதுதல்

நோட்டின் இரு பக்கங்களைத் திறந்து நான்கு பத்தி (மேலிருந்து கீழாகக் கோடிட்ட கட்டம்) போடுங்கள்: முதலில் எழுதியது, கிடைத்த ஆதாரம், அது எங்கே கிடைத்தது, இப்போது என்ன நினைக்கிறேன்.

அமண்டா ஹெங்கின் 'லெட்ஸ் சாட்' (1996 முதல்) படைப்பை எடுத்துக்கொள்வோம். பார்வையாளர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேநீர் குடித்து, தவ்கே (முளைகட்டிய பயறு) வால் கிள்ளிக்கொண்டே பேசுவதுதான் அது. முதல் பத்தியில் "சமையலறை வேலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், எந்தத் திறமையும் தெரியவில்லை" என்று இருக்கும். ஆதாரம்: இது பொருள் அல்ல, செயல், காட்சிக்கூடத்தில் சில நேரம் எஞ்சுவது மேசையும் படமும் மட்டுமே. நான்காம் பத்தியில், "நான் பார்த்தது ஆள் இல்லாத மேசை, படைப்பு அது நடக்கும்போதுதான் இருக்கிறது. திறமை கிள்ளுவதில் இல்லை, முன்பின் தெரியாதவர்களை அரை மணி உட்கார வைப்பதில் இருக்கிறது" என்று வரலாம். அங்காடிக் கடைக்கு வாங்கி வந்த தவ்கேயைப் பாட்டியோடு உட்கார்ந்து கிள்ளியவர்கள் நான்காம் பத்தியை இன்னும் நன்றாக எழுதுவார்கள். அந்த அனுபவத்தையும் ஆதாரமாகச் சேருங்கள், மூன்றாம் பத்தியில் "வீடு" என்று குறித்து.

நான்காம் பத்தியில் "மாறவில்லை" என்று எழுதவும் உரிமை உண்டு. படித்த பிறகும் சலிப்பாகவே இருந்தால் அப்படியே எழுதுங்கள். படித்தவர் என்று காட்டிக்கொள்ள மரியாதைக்குப் பாராட்டி எழுதும் நான்காம் பத்திகள்தான் இந்த முறையில் மிகவும் பயனற்றவை. அடுத்த நிலையில் கியூரேட்டரின் சொற்களைக் கடன் வாங்கி எழுதியவை. உங்கள் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சொல் நான்காம் பத்தியில் இருந்தால் அதை அடித்துவிட்டு எளிமையாக எழுதுங்கள்.

9. இரண்டாம் வருகை

இரண்டு மூன்று வாரத்துக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் தள்ளினால் முதல் வருகையின் உடல் நினைவு மங்கிவிடும். கூடுமானவரை அதே நேரத்தில் போங்கள். இயற்கை ஒளி படும் அறையில் காலையும் மாலையும் ஒன்றல்ல.

நான்காம் பத்தியின் ஒவ்வொரு வரிக்கும், அதைப் படைப்பில் விரலால் சுட்ட முடிகிறதா என்று பாருங்கள். 'கல்லி கர்ட்டன்ஸ்' முன் நின்று "மழை வரைந்தது" என்று சொன்னால், எந்தக் கறை, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் பக்கத்தில் ஒரு டிக். முடியாவிட்டால் ஒரு வட்டம்: அது படைப்பைப் பற்றிய தகவல், படைப்பில் கண்டது அல்ல. வட்டம் போட்டவை தவறானவை என்று பொருளில்லை. ஆனால் பிறருக்கு விளக்கும்போது டிக் போட்டவற்றிலிருந்து தொடங்கினால் கேட்பவர் கண்ணை நம்புவார். வட்டம் போட்டவற்றிலிருந்து தொடங்கினால் உங்கள் வாயைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

பிறகு இடப்பக்கத்தில் புதிதாகக் கண்ட மூன்றையாவது சேருங்கள். எதுவுமே புதிதாகப் படவில்லை என்றால், படித்ததை மனதில் ஓட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம். நோட்டை மூடிவிட்டு ஐந்து நிமிடம் வேறு அறைக்குப் போய்வாருங்கள்.

10. படைப்பு காட்சியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால்

இது அடிக்கடி நடக்கும். துணியும் தாளும் ஒளியில் மங்கும் என்பதால் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவற்றைக் கிடங்குக்கு எடுத்துவிடுவார்கள். காணொளிக் கருவி பழுதாகலாம், இரவல் படைப்பு ஊர் திரும்பியிருக்கலாம். முகப்பில் கேட்டால் மாற்றப்பட்டதா, பழுதுபார்ப்பில் இருக்கிறதா என்று சொல்வார்கள்.

அப்போது ரூட்ஸ் படத்தையும் நீங்கள் எடுத்த படங்களையும் வைத்து ஒன்பதாம் படியைச் செய்யலாம். ஆனால் பக்கத்தின் மேலே தேதி போட்டு "மறுபார்வை படத்தில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். படத்தில் அளவு ஏமாற்றும், ஒலி இருக்காது, பின்பக்கம் தெரியாது. டிக் போடுவதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். படைப்பு மீண்டும் காட்சிக்கு வரும்போது நோட்டில் அந்தப் பக்கத்திலிருந்தே தொடரலாம்.